மஞ்சளாகத் திரும்பிய தண்ணீர்: திண்டுக்கல் தோல் கழிவுநீரில் மீயொலியும் வினையூக்கியும்

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டியிலிருந்து இரண்டு இருபது லிட்டர் கேன்கள் இறங்கின. மூடிக்கு மேல் பாலித்தீன் உறை போட்டுச் சணலால் இறுகக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் கொடைரோடு தாண்டும்போதே நடத்துநருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். "உள்ளே என்ன, கருவாடு கழுவிய தண்ணீரா?" என்று கேட்டிருக்கிறார். கூட வந்த பையன் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கிறான்.

கேன்களின் சொந்தக்காரர் திண்டுக்கல்லில் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, வைத்திருப்பவர். நான் அவரைப் பாய் என்றுதான் அழைப்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மதுரையில் சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்தும் எனக்கு, அவர் பல ஆண்டுகளாக மாதிரிகள் அனுப்புகிறவர். இந்த முறை வந்தது வழக்கமான பரிசோதனைக்காக அல்ல. ஓர் இயந்திர விற்பனையாளர் அவரிடம் வந்து, மீயொலியை, அதாவது காதுக்கு எட்டாத வேக அதிர்வைச் செலுத்தி, ஒரு வினையூக்கியையும் சேர்த்தால் கழிவுநீரின் நிறமும் நாற்றமும் அரை மணி நேரத்தில் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, வேண்டாமா? பாய் கேட்டது இந்த ஒரே கேள்விதான்.

விற்பனையாளர் சொன்னது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கழிவுநீர், எந்த வரிசையில் என்ற இரண்டையும் அவர் சொல்லவில்லை. எங்கள் சோதனை முழுவதும் அந்த இரண்டிலும்தான் சிக்கிக்கொண்டது.

கேன் ஏன் இரண்டு

பாயின் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் சரக்கு. இன்று அங்கே ஆட்டுத்தோல் குரோமியத்தில் பதனிடப்படுகிறது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பில் அடுக்கி வருகிறது. முதல் ஊறலில் அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்கிவிடும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிர் நீக்குகிறார்கள். பிறகு அமிலமும் உப்பும் சேர்ந்த குளியல், அதன்பின் குரோமிய டிரம், கடைசியில் மறுபதனிடலும் சாயமும். ஒரு டன் பச்சைத் தோலுக்கு 30 முதல் 40 கன மீட்டர் வரை தண்ணீர் செலவாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. வழக்கமான முறையில் போடுகிற குரோமியத்தில் 60, 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் வாய்க்காலுக்குப் போகிறது.

இந்த ஐந்தாறு தண்ணீர்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை. ஒன்று கடும் காரம், ஒன்று கடும் அமிலம், ஒன்று உப்பு, ஒன்று சாயம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டு அதற்கு ஒரு மருந்து தேடுவது, வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து நோய் இருக்க ஒரே கஷாயத்தைக் காய்ச்சுவது போலத்தான். அதனால்தான் பாயிடம், தொட்டியிலிருந்து ஒரு கேனும் சாய டிரம்மின் வாயிலிருந்து ஒரு கேனும் தனித்தனியாகக் கேட்டேன். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பதும் விதி. பஸ்ஸில் அது நடக்கவில்லை.

திண்டுக்கல்லுக்கு இந்தக் கவலை புதிதல்ல. மதுரை மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிந்த இந்த மாவட்டத்தில், தோல் கழிவால் குடகனாற்றுப் பக்கத்துக் கிணறுகள் உப்பேறிய கதை பெரியவர்களுக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தபோது, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே தீர்ப்பில் வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கை மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத் தோல் ஆலைகளும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் கட்டின. பாயின் அப்பா கட்டிய ரசீது இன்னும் கோப்பில் இருக்கிறதாம்.

உலைப் பானையின் சீறல்

அடுப்பில் உலை வைத்தால், கொதி வருவதற்குச் சற்று முன் பானை ஒரு மாதிரி சீறும். அடியில் பிறக்கிற நீராவிக் குமிழிகள் மேலே ஏறும்போது, இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டு நொறுங்குகிற சத்தம் அது. தண்ணீர் முழுவதும் கொதித்துவிட்டால் சீறல் அடங்கிவிடும். மீயொலிக் கருவி செய்வதும் குமிழியை நொறுக்குகிற வேலைதான், ஆனால் அடுப்பு இல்லாமல். நொடிக்கு 20,000 முறை அதிரும் டைட்டானியத் தண்டு தண்ணீரை இழுத்து இழுத்து விடுகிறது. இழுக்கும்போது குமிழி பிறக்கிறது, அழுத்தும்போது நொறுங்குகிறது. நொறுங்கும் கணத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளிக்குள் வெப்பம் ஏறத்தாழ 5,000 கெல்வினை எட்டும். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அங்கே தண்ணீர் மூலக்கூறே உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். கரிமப் பொருள் எதைக் கண்டாலும் கடிக்கிற சாமான் அது. ஆக்சிஜனேற்றும் வலுவில் ஓசோனையும் குளோரினையும் மிஞ்சும்.

அதே உறுப்பை இன்னொரு வழியிலும் பெறலாம். ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1894இல் எழுதிவைத்த வினை அது: பெரஸ் இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலத்தில் சந்தித்தால் போதும். பெரஸ் சல்பேட் வேறொன்றுமல்ல, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அன்னபேதிதான். இதில் இரும்பு வினையூக்கி; பெரஸ் நிலையிலிருந்து பெரிக் நிலைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதுதான் மெதுவாக நடக்கும். மீயொலி அந்தத் திரும்பலைத் துரிதப்படுத்துகிறது, பெராக்சைடை உடைக்கிறது, தண்ணீரைக் கலக்குகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்வதன் நியாயம் இதுதான்.

சோதனை மேசையில்

எங்களிடம் இருப்பது 500 வாட் தண்டுக் கருவி. ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை, அதைச் சுற்றி ஐஸ். ஐஸ் இல்லாவிட்டால், 500 வாட்டும் தண்ணீரில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 7 டிகிரி ஏறும். சூடேறிய தண்ணீரில் குமிழிக்குள் நீராவி நிறைந்து மெத்தை போலாகிவிடும். நொறுங்கும் வேகம் போய்விடும். இருபதாயிரம் அதிர்வு மனிதக் காதுக்கு எட்டாது என்று புத்தகம் சொல்கிறது. குமிழிகளின் கீச்சொலி நன்றாகவே எட்டும். காதடைப்பு இல்லாமல் அறைக்குள் நிற்க முடியாது. எதிர்வீட்டு நாய் மட்டும் கருவியை இயக்குகிற நாளில் எங்கள் வாசல் பக்கமே வருவதில்லை.

தொட்டித் தண்ணீரை முதலில் எடுத்தோம். ஃபென்டன் வினைக்குப் பி.எச். 3 வேண்டும், ஆகவே அமிலம் விட வேண்டும். சில துளிகள் விழுந்ததும் அழுகிய முட்டை வாடை எழுந்தது. மயிர் நீக்கலிலிருந்து வந்த சல்பைடு, அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறுகிறது. உடனே நிறுத்தி, புகைபோக்கிப் பெட்டிக்குள் குவளையை நகர்த்தினோம். இந்த வாயுவில் மூக்கை நம்பக்கூடாது. செறிவு கூடினால் வாடை தெரிவதே நின்றுவிடும். மறுநாள் இன்னொரு பங்கை எடுத்து, மாங்கனீசு சல்பேட்டைச் சிறிது போட்டுக் காற்றை ஊதினோம். மாங்கனீசு இங்கே வினையூக்கி. சல்பைடு காற்றிலுள்ள ஆக்சிஜனாலேயே தீர்ந்துவிடும். தோல் ஷாப்புகளில் நெடுங்காலமாக உள்ள முறை இது, மலிவும்கூட. விற்பனையாளரின் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகு மூன்று குவளைகள். ஒன்றில் மீயொலி மட்டும், ஒன்றில் அன்னபேதியும் பெராக்சைடும் மட்டும், மூன்றாவதில் எல்லாம். மீயொலி மட்டும் போட்ட குவளை அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் போட்டபடி இருந்தது. நுரை மட்டும் கூடுதல். மற்ற இரண்டும் கொஞ்சம் வெளுத்தன. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் உப்பு. தொட்டி நீரில் குளோரைடு லிட்டருக்கு 5 கிராமைத் தாண்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். அமிலத்தில் குளோரைடு முதலில் ஓடிவந்து ஹைட்ராக்சில் உறுப்பைப் பிடித்துக்கொள்கிறது. மாறிப் பிறக்கிற குளோரின் உறுப்புகள் வலுக் குறைந்தவை. போதாததற்குக் கரிமப் பொருளோடு குளோரின் ஒட்டிய புதுச் சேர்மங்களையும் உண்டாக்கக்கூடும். சாப்பாட்டுக்கு அழைத்த விருந்தாளி வாசலில் நிற்க, அழைக்காதவன் இலையில் உட்கார்ந்துவிட்ட கதை.

சாய டிரம் தண்ணீரில் கதையே வேறு. அதில் உப்பும் சல்பைடும் மிகக் குறைவு. கரும்பழுப்பாக இருந்த நீர் மூன்றாவது குவளையில் சில நிமிடங்களிலேயே தேநீர் நிறத்துக்கு வந்தது, பிறகு வெளிறிய வைக்கோல் நிறத்துக்கு. மீயொலி இல்லாத குவளை அதே இடத்துக்கு வர இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டது. படம் அனுப்பியதும் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், நிறம் போய்விட்டதே, இதுவே போதாதா?" என்றார்.

போதாது. நிறம் போவது என்றால் சாய மூலக்கூறு இரண்டாகத் துண்டிக்கப்பட்டது என்றுதான் பொருள். துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன.

கூடிப்போன சி.ஓ.டி.

தண்ணீரில் இன்னும் எவ்வளவு கரிமப் பொருள் மிச்சம் என்பதைப் பார்க்க சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) பரிசோதனை. ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட்டோடு கந்தக அமிலத்தில் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறோம். ஆரஞ்சு எவ்வளவு பச்சையாகிறதோ அவ்வளவு அழுக்கு. எங்கள் சாயத் தண்ணீர் சோதனைக்கு முன் இருந்ததைவிடச் சோதனைக்குப் பின் அதிகப் பச்சையாக வந்தது. கூடத்தில் வேலை பார்க்கும் பெண் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சார், சுத்தம் செய்தோமா, அழுக்குச் சேர்த்தோமா?" என்று கேட்டார்.

குற்றவாளி மிச்சமிருந்த பெராக்சைடு. அழுக்கை ஆக்சிஜனேற்றுகிற அதே பெராக்சைடு, டைகுரோமேட்டின் முன்னால் தானே ஆக்சிஜனேற்றப்பட்டுவிடும். ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் சுமார் 0.47 மில்லிகிராம் சி.ஓ.டி. பொய்யாகக் கூடும், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் மிச்சமிருந்தால் 470. வெளியேற்ற வரம்பே 250தான். தொட்டித் தண்ணீரில் வேறு தொல்லை: அங்கே உப்பும் டைகுரோமேட்டைத் தின்னும். பாதரச உப்பைப் போட்டு அதைக் கட்டிவைப்பார்கள், ஆனால் குளோரைடு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கட்டும் அவிழும். விற்பனையாளர்கள் காட்டும் முன், பின் எண்களைப் பார்க்கும்போது, பெராக்சைடை நீக்கிய பின் அளந்தீர்களா, உப்பு எவ்வளவு இருந்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்டாலே அவருடைய கூடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மஞ்சள்

இனிச் சொல்வது என் தவறு.

சோதனை முடிந்த அமில நீரை நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். காரம் சேர்த்தால் இரும்பு செம்பழுப்புக் கசடாக இறங்கும், குரோமியமும் ஹைட்ராக்சைடாகக் கூடவே இறங்கும். சாயத் தண்ணீரிலும் குரோமியம் உண்டு, மறுபதனிடலின்போது தோலிலிருந்து வடிகிறது. சுண்ணாம்புப் பாலைத் துளித்துளியாக விட்டு 8.5இல் நிறுத்த வேண்டியது. அன்று மின்சாரம் போய் வந்து கொண்டிருந்ததால் அவசரம்; ஒரே ஊற்றாக ஊற்றினேன். மீட்டர் 11.8 காட்டியது. போகட்டும், கசடு இறங்கினால் சரி என்று விட்டுவிட்டேன். காலையில் கசடு அழகாக இறங்கியிருந்தது. மேலே நின்ற தண்ணீர் எலுமிச்சை மஞ்சள்.

இரும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். வடிதாளில் வடித்தேன், மஞ்சள் போகவில்லை. அப்போதுதான் உறைத்தது: அவ்வளவு காரத்தில் இரும்பு கரைந்து நிற்காது. சாயத்தின் மிச்சம் என்றால் நேற்றைய வைக்கோல் நிறம்தானே இருக்க வேண்டும்? ஒரு சிறு பங்கை அமிலமாக்கி டைஃபினைல் கார்பசைடு இரண்டு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா விரிந்தது. ஆறு இணைதிறன் குரோமியம்.

கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்கள் எல்லோரும் இதைச் செய்திருப்பார்கள். பச்சைக் குரோமிய வீழ்படிவில் சோடியம் ஹைட்ராக்சைடும் பெராக்சைடும் விட்டுச் சூடாக்கினால் மஞ்சள் வரும்; குரோமியம் இருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் வாங்குவோம். அதே வினையைத்தான் நான் தெரியாமல் குவளைக்குள் செய்து வைத்திருந்தேன். அமிலத்தில் இருக்கும்வரை பெராக்சைடு ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றுக்கு இறக்கும். காரத்துக்குப் போனதும் அதே பெராக்சைடு மூன்றை ஆறுக்கு ஏற்றும். ஒரே ஆள், இடம் மாறினால் கட்சி மாறுகிற ஆள்.

இது சில்லறை விஷயமல்ல. மூன்று இணைதிறன் குரோமியம் கசடோடு அடங்கிவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரோடு மண்ணுக்குள் ஓடும், மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியானது. வெளியேற்ற வரம்பில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஆறு இணைதிறன் 0.1 மட்டும். ஆகக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, வந்ததைவிட விஷமான ஒன்றைச் செய்திருந்தேன். அதுவும் நிறம் போன, நாற்றம் இல்லாத, பார்வைக்கு நல்ல தண்ணீராக.

திருத்துவது கடினமல்ல. மஞ்சள் நீரைத் திரும்ப அமிலமாக்கி சோடியம் மெட்டாபைசல்பைட்டைப் போட்டதும் நிறம் மறைந்தது. கார்பசைடு சொட்டுக்கு ஊதா வரவில்லை. மறுபடி சுண்ணாம்பு, இந்த முறை துளித்துளியாக, 8.5இல் நிறுத்தி. அடுத்த எல்லாச் சோதனைகளிலும் வரிசையை மாற்றினோம்: அமிலத்தில் இருக்கும்போதே பெராக்சைடைத் தீர்த்துவிடு, பொட்டாசியம் அயோடைடும் கஞ்சியும் விட்டு நீலம் வரவில்லை என்று பார், பிறகு காரம் தொடு. அதைவிட நல்லது, குரோமியத்தை முன்னதாகவே தனியாக இறக்கி எடுத்துவிட்டு மீதி நீரை மட்டும் இந்த வினைக்குக் கொண்டுவருவது.

மின்சாரக் கணக்கு

பாய்க்கு வேதியியலைவிட இந்தப் பகுதிதான் சுவாரசியம். 500 வாட், அரை மணி, ஒரு லிட்டர்: கால் யூனிட். ஆயிரம் லிட்டருக்கு 250 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிலோலிட்டருக்கு 2,000 ரூபாய், மின்சாரம் மட்டும். பெரிய தொடர் ஓட்டக் கருவியில் இது குறையும், ஆனால் மேசைச் சோதனை எண்ணை அப்படியே பெருக்கித் திட்ட அறிக்கை எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்டின் முனையும் நிரந்தரமல்ல. குமிழிகள் டைட்டானியத்தையும் கொறிக்கும். எங்கள் தண்டின் முனை இப்போதே அம்மை கண்ட முகம் போல இருக்கிறது.

பெராக்சைடும் இருக்கிறது. 3,000 மில்லிகிராம் சி.ஓ.டி.யை முழுவதும் எரிக்க வேண்டுமானால் கணக்குப்படி லிட்டருக்கு 6.4 கிராம் பெராக்சைடு. கடையில் வரும் 50 சதவீதச் சரக்கில் கிலோலிட்டருக்கு 12.75 கிலோ. இதைச் செய்யவே கூடாது. கால் பங்கு போட்டு, நுண்ணுயிர் மெல்ல முடியாத செயற்கைப் பதனிடு பொருள்களையும் சாயத்தையும் துண்டாக்கினால் போதும். மீதியைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்த் தொட்டி காற்றுச் செலவிலேயே தின்றுவிடும்.

கசடையும் மறக்கக்கூடாது. போட்ட இரும்பு முழுவதும் கடைசியில் கசடாகத்தான் இறங்குகிறது, குரோமியத்தை அணைத்துக்கொண்டு. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கசடுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். கசடு கூடுகிற எந்த முறையைப் பரிந்துரைக்கும்போதும் அந்தச் சுவர் என் நினைவுக்கு வரும்.

பாய்க்கு எழுதிக் கொடுத்தது ஒன்றரைப் பக்கம். இயந்திரம் இப்போது வேண்டாம். முதலில் தோலை ஊறப்போடும் முன் சட்டகத்தில் தட்டி உப்பை உதிர்க்க வேண்டும். உதிர்ந்த உப்பு தண்ணீரில் இறங்காத உப்பு, அதை எந்த வினையூக்கியும் துரத்த வேண்டியதில்லை. குரோமிய டிரம்முக்குத் தனி வாய்க்கால், தனித் தொட்டி. சாய டிரம்முக்கும் அப்படியே. சாயத் தண்ணீர் தனியாக வந்த பிறகு, முதலில் மீயொலி இல்லாமல் அன்னபேதியும் பெராக்சைடும் மட்டும் வைத்து ஒரு மாதம் பார்க்கலாம். தொட்டி பெரிதாக இருந்தால் இரண்டு மடங்கு நேரம் காத்திருப்பது செலவில்லாத வேலை. இடம் இல்லாத ஷாப்புக்குத்தான் மீயொலியின் வேகம் பணம் பெறும்.

மீயொலி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சொல்லப்போனால் அதன் சரியான இடம் வாய்க்காலைவிட டிரம்முக்கு அருகில்தான் என்று நினைக்கிறேன். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலுக்குச் சாயம் ஏற்றுவதிலும், பட்டையிலிருந்து துவர்ப்புச் சத்தை எடுப்பதிலும் மீயொலியைப் பயன்படுத்தி ஆய்வு செய்திருக்கிறது. சாயம் தோலுக்குள் கூடுதலாக ஏறினால், வாய்க்காலில் துரத்த வேண்டிய சாயம் அந்த அளவுக்குக் குறையும்.

தனி வாய்க்காலுக்குக் கொத்தனார் வந்துவிட்டார் என்று போன வாரம் பாய் சொன்னார். சட்டகத்தில் தட்டி உதிர்த்த உப்பு முதல் வாரத்திலேயே சாக்குச் சாக்காகச் சேர்ந்துவிட்டதாம். மயிரும் ரத்தமும் கலந்த அந்த உப்பை எங்கே வைப்பது என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஒரு சாக்கு உப்பு ஆரப்பாளையத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.